வண்டியில் குறையில்லை, நின்றால் யார் வருவார்?

மின்சாரக் கார் வாங்கியவர்களுக்கு அதில் திருப்தி உண்டா என்று கேட்டு 2024ஆம் ஆண்டில் மட்டும் மூன்று கணக்கெடுப்புகள் வந்தன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எதை நம்புவது என்றே தெரியாது. பல நாட்டு மின்வாகன ஓட்டுநர் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு 18 நாடுகளில் 23,000 பேருக்கு மேல் விசாரித்தது. அடுத்த வண்டியும் மின்சார வண்டிதான் என்றவர்கள் 92 சதவீதம். பெட்ரோலுக்கோ டீசலுக்கோ திரும்புவோம் என்றவர்கள் ஒரே ஒரு சதவீதம். அதே ஆண்டில் மெக்கின்சி நிறுவனம் கேட்டபோது, எரிபொருள் காருக்கே திரும்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் உலக அளவில் 29 சதவீதம், அமெரிக்காவில் 46 சதவீதம் என்று வந்தது. நம் நாட்டில் பார்க் பிளஸ் என்ற கார் செயலி நிறுவனம் டெல்லி, மும்பை, பெங்களூரு வட்டாரங்களில் 500 மின்சாரக் கார்க்காரர்களைக் கேட்டது. அதில் 51 சதவீதம் பேர் பழையபடி பெட்ரோல், டீசலுக்கே போய்விட விரும்பினார்கள்.

எவரும் பொய் சொல்லவில்லை. யாரைக் கேட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மின்வாகனச் சங்கத்தில் சேருகிறவர் அந்த வண்டியின் மேல் பிரியம் வைத்தவர். பெரும்பாலும் சொந்த வீட்டில் சார்ஜ் போடுகிறவர். மும்பையிலும் டெல்லியிலும் அடுக்குமாடியில் குடியிருப்பவருக்குக் கீழ்த்தளத்தில் ஒரு பிளக் வைக்கக்கூடக் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி வேண்டும். பார்க் பிளஸ் கணக்கில் 88 சதவீதம் பேர் சொன்ன முதல் கவலை, நம்பிப் போகக்கூடிய சார்ஜிங் நிலையம் கிடைப்பதில்லை என்பது. அடுத்துச் சொன்னதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். வண்டியின் உள்ளே என்ன நடக்கிறதென்று தங்களுக்கும் தெரியவில்லை, பக்கத்து மெக்கானிக்கிடமும் காட்ட முடியவில்லை என்றவர்கள் 73 சதவீதம். மறுவிற்பனை விலை பற்றிக் கவலைப்பட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு.

மாநகரத்தில் எடுத்த இந்தக் கணக்கைத் தாமிரபரணிக் கரைக்குக் கொண்டுவந்தால் கவலைகளின் வரிசை தலைகீழாகிவிடும் என்பது என் எண்ணம். ஆழ்வார்திருநகரியையே எடுத்துக்கொள்வோம். அது திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், ஸ்ரீவைகுண்டத்தை அடுத்து இருக்கிறது. திருநெல்வேலிக்குச் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர்; கடற்கரைத் திருச்செந்தூருக்கு அதைவிடக் குறைவு. சுற்றியுள்ள ஒன்பது வைணவத் திருப்பதிகளையும் ஒரே நாளில் சேவித்துவிட்டு வீடு திரும்பினாலும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். இந்த ஓட்டத்துக்கு இன்றைய பெரும்பாலான மின்சாரக் கார்கள் பாதிச் சார்ஜில் போய்வரும். 45 கிலோவாட் மணி பேட்டரி வைத்த டாடா நெக்ஸானுக்குச் சோதனைக்கூடக் கணக்கு 489 கிலோமீட்டர். சாலையில் 350 முதல் 370 வரை எதிர்பார்க்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. ஏசி போட்டு, வேகத்தடைகளில் ஏறி இறங்கி, நாலு பேர் உட்கார்ந்து போனால் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பெரும்பாலும் தனி வீடு, சொந்தச் சுவர், சொந்த மீட்டர். ஆகவே மும்பைக்காரரைத் தூங்கவிடாத சார்ஜ் கவலை இந்த ஊர்க்காரருக்குப் பெரிதாக இல்லை.

செலவிலும் மனக்குறைக்கு இடமில்லை. திருநெல்வேலி போய்வர எழுபது கிலோமீட்டர். வீணாவதையும் சேர்த்து சுமார் 12 யூனிட். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்தான், ஆனால் கார் வந்த வீட்டில் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடும். அதற்கு மேல் படிக்குப் படி யூனிட் விலை எட்டு ரூபாய்க்கு மேல் ஏறும். கூட்டிக் கழித்து 120 ரூபாய் என்றே வைப்போம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காரில் அதே பயணம் 450 ரூபாயைத் தாண்டும். என்ஜின் ஆயில் மாற்றுவது, ஆயில் பில்டர், கிளட்ச், ஸ்பார்க் பிளக் எதுவும் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை வருகிற சர்வீஸ் பில்லைப் பார்த்தே வண்டியைப் புகழ்கிறவர்கள் உண்டு. டயர் மட்டும் கொஞ்சம் முன்னதாகத் தேயும். வண்டி கனம், மோட்டாரின் இழுவையும் அதிகம். அரசும் தன் பங்குக்கு உதவியிருக்கிறது. 2019 ஆகஸ்டில் ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமானது. தமிழ்நாட்டின் மின்வாகனக் கொள்கை சாலை வரியில் முழு விலக்கு கொடுத்தது.

வீட்டில் சார்ஜ் போடுவதில் இந்தப் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அது எந்த ஆய்விலும் வருவதில்லை. ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில் பார்த்தது. புது வண்டி வந்து இரண்டு நாள். திண்ணைச் சுவரில் 15 ஆம்பியர் பிளக் வைத்து, கம்பெனி கொடுத்த சார்ஜரை மாட்டினால் பெட்டியில் சிவப்பு விளக்கு. வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டால், சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். கடைசியில் உள்ளூர் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டார்கள். அவர் டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையைப் பேஸிலும் மறுமுனையை நியூட்ரலிலும் வைத்தார்; பல்பு பளிச்சென்று எரிந்தது. பேஸிலும் எர்த்திலும் வைத்தார்; மினுங்கக்கூட இல்லை. எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே கொல்லைப்புறம் போனார். வயர் தண்ணீர்க் குழாயோடு கட்டியிருந்தது. “அண்ணாச்சி, இரும்புப் பைப்ப எடுத்துட்டுப் பிளாஸ்டிக் போட்டாச்சுல்லா. பொறவு எர்த்து எங்க இருந்து வரும்? மிக்சிக்கும் கிரைண்டருக்கும் இது தெரியாது, காருக்குத் தெரியுது” என்றார். மறுநாள் எட்டடி ஆழத்துக்குக் குழி தோண்டி, ஜி.ஐ. பைப்பை இறக்கி, அடுப்புக்கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடினார். சாயங்காலம் பச்சை விளக்கு எரிந்தது.

சார்ஜர் நம் பாதுகாப்புக்காக எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் மின்சாரத்தைக் காருக்குள் விடும். அது கோளாறில்லை, நல்ல குணம். ஆற்றோரத்து ஈர மண்ணில் ஒரு குழியோடு வேலை முடிந்துவிடும். கொஞ்சம் தெற்கே தள்ளி, தேரிக்காட்டுச் செம்மணலில் வீடு கட்டியவருக்கு அது போதாது; கோடையில் காய்ந்த மணல் மின்சாரத்தைப் பிடித்து இறக்காது. இரண்டு மூன்று குழி போட்டு இணைக்க வேண்டிவரும். விற்கிறவர் வண்டி கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஆளை அனுப்பி எர்த்தைப் பார்த்திருந்தால், அந்த வீட்டுக்காரர் இரண்டு நாள் வண்டியைச் சபித்திருக்க மாட்டார். விற்பனைக்குப் பிந்தைய சேவை என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு விற்பனைக்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டிய வேலை.

இனி வண்டி நின்றுபோகும் நாளுக்கு வருவோம். இங்கும் புள்ளிவிவரங்கள் எதிரெதிராக நிற்கின்றன. ஜெர்மனியின் மோட்டார் சங்கமான ஏ.டி.ஏ.சி. சாலையில் நின்ற வண்டிகளுக்குத் தன் ஆட்களை அனுப்பி உதவுகிற அமைப்பு. 2024இல் அது கவனித்த பழுதுகளில், இரண்டு முதல் நான்கு வயதான கார்களை மட்டும் எடுத்தால், ஆயிரம் மின்சாரக் கார்களுக்கு 4.2 பழுது, ஆயிரம் பெட்ரோல், டீசல் கார்களுக்கு 10.4. பாதிக்கும் குறைவு. அதே 2024இல் அமெரிக்காவின் ஜே.டி. பவர் புது வண்டி வாங்கியவர்களைக் கேட்டது. நூறு மின்சாரக் கார்களுக்கு 266 குறை, நூறு பெட்ரோல் கார்களுக்கு 180. பழுதுபார்க்க டீலரிடம் போவதிலும் மின்சாரக் கார்க்காரர்கள் மூன்று மடங்கு.

முதல் கணக்கு சாலையோரத்தில் எடுத்தது. அடுத்தது திரை, மென்பொருள், கதவுக் கைப்பிடி, போன் இணைப்பு என்று உரிமையாளர் முகம் சுளித்த எல்லாவற்றையும் எண்ணியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சித்திரம் கிடைக்கும். மோட்டாரும் பேட்டரியும் உழைக்கின்றன. சுற்றியுள்ள மின்னணுப் பொருட்களும் மென்பொருளும் படுத்துகின்றன. சிகாகோக்காரர் டீலரிடம் மூன்று முறை போனால் மூன்று மதியப் பொழுது போகும். ஆழ்வார்திருநகரிக்காரருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு முழு நாள், சமயத்தில் வண்டியில்லாத ஒரு வாரம். திரையில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதைப் படித்துச் சொல்லும் கணினிக் கருவி திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ உள்ள கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் இருக்கிறது. அங்கே அதைக் கையாளப் பயிற்சி பெற்ற ஆள் அன்று விடுப்பில் இருந்தால் அடுத்த நாள் வரச்சொல்வார்கள். பேட்டரிப் பெட்டியைத் திறக்கும் அனுமதி எல்லா சர்வீஸ் சென்டருக்கும் கிடையாது.

ஏ.டி.ஏ.சி. சொன்ன இன்னொரு விவரம் நமக்கு நேரடியாக உதவும். மின்சாரக் கார்கள் வழியில் நிற்பதற்குப் பாதிக் காரணம் பெரிய பேட்டரியே இல்லை, 12 வோல்ட் சின்ன பேட்டரி. எந்தக் காரிலும் விளக்கு, பூட்டு, கணினி ஆகியவற்றுக்கு மின்சாரம் தருகிற அதே பேட்டரிதான். அது செத்தால் பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ஸ்விட்ச் வேலை செய்யாது. முந்நூறு கிலோமீட்டர் ஓடச் சார்ஜ் இருந்தும் வண்டி கதவைக்கூடத் திறக்காது. தென்திருப்பேரையில் மகர நெடுங்குழைக்காதரைச் சேவித்துவிட்டு வெளியே வந்தால் சாவி அழுத்தியும் சத்தமில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஹூண்டாய் 2024 ஜூனில் இந்தியாவில் 1,744 அயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்ததும் இதையொட்டிய சிக்கலுக்காகத்தான். 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பகுதியில் கோளாறு.

சின்ன பேட்டரியை எப்படி உசுப்புவது என்பது வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் எந்த ஆட்டோ எலக்ட்ரீசியனும் அதைப் படித்துப் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார். ஆனால் மின்சாரக் கார் என்றாலே கை வைக்கக் கூடாது என்ற பயத்தை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். உயர்மின்னழுத்தத்தைப் பொறுத்தவரை அந்தப் பயம் முழுக்க நியாயம். ஆரஞ்சு நிற வயரைத் தொடுவது உயிரோடு விளையாடுவது. 12 வோல்ட்டுக்கு அந்தப் பயம் தேவையில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பட்டறைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க அரை நாள் போதும். எந்தக் கம்பெனியும் இந்த ஊர்களுக்கு வந்து அந்த அரை நாளைச் செலவழித்ததாக நான் கேள்விப்படவில்லை.

சொல்லிக்கொடுக்காவிட்டால் என்ன நடக்கும்? வாழைத்தார் ஏற்ற வந்த டிராக்டர்க்காரர் நல்ல மனசோடு கயிறு கட்டி இழுப்பார். இந்தப் பக்கத்து மக்கள் வண்டி நின்றவரை நடுவழியில் விட்டுப்போகிறவர்கள் இல்லை. ஆனால் மோட்டாரோடு இணைந்த சக்கரங்கள் தரையில் உருண்டால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் உண்டாக்கும். நீண்ட தூரம் இழுத்தால் அதனால் பழுது வந்து வேறு செலவும் சேரும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டை வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். அது திருநெல்வேலியிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வர எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஷோரூமில் யாரும் எழுதித் தருவதில்லை.

பேட்டரியின் ஆயுளைப் பற்றிய அச்சத்துக்கு இப்போது பதில் இருக்கிறது. அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2010இல் வந்த நிசான் லீஃப் காரில் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் இரண்டே ஆண்டில் பேட்டரியின் கொள்ளளவு குறைந்து, 2012இல் உரிமையாளர்கள் வழக்குவரை போனார்கள். அதே லீஃப் 2015 வாக்கில் வரிச் சலுகையால் ஜப்பானிலிருந்து பாவித்த வண்டிகளாக ஆயிரக்கணக்கில் இலங்கையில் இறங்கியது. ஏற்கெனவே ஓடித் தேய்ந்த பேட்டரி, ஜப்பானிய எழுத்தில் திரை, வெப்ப நாடு. தனியார் இறக்குமதி என்பதால் வாரண்டி சொல்ல ஆளில்லை. வாங்கியவர்கள் எப்படித் தவித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம். ஆனால் கொழும்பு வட்டாரத்துக் கராஜ்காரர்கள் அதை விட்டுவிடவில்லை. பேட்டரிப் பெட்டியைத் திறக்கக் கற்றார்கள், செத்த செல் தொகுதியை மட்டும் எடுத்துவிட்டு நல்லதை மாட்டினார்கள். ஓடும் தூரம் குறைந்துபோன வண்டியை நகருக்குள் இன்னும் சில ஆண்டுகள் ஓடவைத்தார்கள். கம்பெனி கைவிட்ட இடத்தில் தமிழரும் சிங்களவருமான மெக்கானிக்குகள் அந்தத் தொழில்நுட்பத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இந்தக் கட்டுரைக்காக நான் திரட்டிய செய்திகளில் எனக்கு அதிகம் நம்பிக்கை தந்தது இதுதான்.

இன்று இந்தியாவில் பரவலாக விற்கும் கார்களில் பேட்டரியைத் திரவம் ஓடவிட்டுக் குளிர்விக்கிறார்கள். நெக்ஸான், டியாகோ, வின்ட்சர் போன்றவற்றில் இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. வெயில் தாங்கும், சீக்கிரம் தீப்பிடிக்காது, அதிகச் சுற்றுகள் உழைக்கும். பாளையங்கோட்டையின் மே மாத வெயிலை நினைத்தால் இந்த ஊருக்கு ஏற்றது இதுதான். இதற்கும் ஒரு குணக்கேடு உண்டு. சார்ஜ் நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால், எவ்வளவு மிச்சம் என்று கணினி கணிப்பது தவறிப்போகும். பதினைந்து சதவீதம் காட்டிய வண்டி திடீரென்று ஐந்துக்கு விழுந்தது என்ற புகாரின் பின்னே பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. அவ்வப்போது வீட்டில் மெதுவாக நூறு சதவீதம்வரை ஏற்றினால் செல்கள் சமனாகிக் கணக்கும் சரியாகும். கையேட்டில் இது எழுதியிருக்கும். வண்டியை ஒப்படைக்கும் நாளில் மாலை போட்டுப் படம் எடுக்கிற நேரத்தில் இதை வாயால் ஒரு முறை சொல்லிவிட்டால் பாதிப் புகார் வராது.

வெள்ளத்தைச் சொல்லாமல் இந்த ஆற்றங்கரையில் எந்த வண்டியைப் பற்றியும் எழுத முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் தண்ணீர் சூழ்ந்த ரயில் நிலையத்தில் சிக்கிக்கொண்டார்கள். ஏரலில் பாலம் சேதமடைந்தது. ஆழ்வார்திருநகரி வட்டாரம் நாட்கணக்கில் துண்டுபட்டுக் கிடந்தது. மின்சாரக் கார் விளம்பரங்களில் பேட்டரிக்கு ஐபி67 பாதுகாப்பு என்று போடுகிறார்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே நீர் புகாது என்பது அதன் பொருள். அரை மணி நேரம். சாலையில் தேங்கிய தண்ணீரைக் கடக்க அது தாராளம். சேறும் சகதியுமாக இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள் நின்ற வெள்ளத்துக்கு அது கொடுத்த வாக்குறுதி இல்லை. வெள்ளச் சேதம் வாரண்டியில் வராது, காப்பீட்டில்தான் வரும். பேட்டரி போனால் வண்டி விலையில் பெரும்பங்கு போனது மாதிரி. ஆகவே பேட்டரிக்கென்று தனியாகச் சேர்க்கும் காப்பீட்டை இந்தப் பள்ளத்தாக்கில் வாங்காமல் இருப்பது பெரிய துணிச்சல். மழை அறிவிப்பு வந்தால் வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துவதும், முங்கிய வண்டியை ஒருபோதும் ஆன் பண்ணிப் பார்க்காமல் இருப்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சேவை சரியில்லாவிட்டால் நல்ல வண்டியும் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சக்கரத்தில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் பிரம்மாண்டமான ஆலை கட்டி, நாட்டின் மின்ஸ்கூட்டர் சந்தையில் முதலிடம் பிடித்தது ஓலா எலெக்ட்ரிக். 2023 செப்டம்பர் முதல் ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அதன் மேல் 10,644 புகார்கள் வந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அவற்றில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட்டதாகக் கம்பெனி பதில் சொன்னது. இருந்தாலும் 2025இல் டி.வி.எஸ்., பஜாஜ் என்ற பழைய பெயர்கள் அதை முந்திப் போயின. தெருவுக்குத் தெரு தெரிந்த டீலரும் தெரிந்த மெக்கானிக்கும் இருந்ததை நான் அதற்கு முக்கியக் காரணமாகப் பார்க்கிறேன்.

கார்களில் பெங்களூரின் ரேவா 2001லேயே வந்துவிட்டது. 2010இல் மஹிந்திரா அதை வாங்கி, 2013இல் இ2ஓ விட்டது, 2019 வாக்கில் அந்த வரிசை நின்றது. முதலில் நம்பி வாங்கியவர்கள் பிறகு உதிரிபாகத்துக்கு அலைந்தார்கள். முன்னோடிகளாக வந்தவர்களை அப்படி விட்டிருக்கக் கூடாது. பிறகு அதே மஹிந்திரா 2024 நவம்பரில் சென்னையில் வைத்து இரண்டு புது மின்கார்களை அறிமுகம் செய்தபோது, முதல் உரிமையாளருக்குப் பேட்டரிக்கு வாழ்நாள் வாரண்டி என்றது. பழைய பாடம் எங்கோ பதிந்திருக்கிறது.

இப்போது கண்ணுக்கு முன்னால் வின்பாஸ்ட். வியட்நாமில் 2017இல் தொடங்கி, 2024இல் சொந்த நாட்டில் அதிகம் விற்ற கார் கம்பெனியாகிவிட்டது. தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4இல் ஆலையைத் திறந்தது. ஆண்டுக்கு 50,000 வண்டியில் தொடங்கி 1,50,000வரை போகும் திட்டம். ஆழ்வார்திருநகரியிலிருந்து ஆலை வாசலுக்கு ஒரு மணி நேரம் சொச்சம். நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைப்பதில் எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. ஆனால் ஆலை பக்கத்தில் இருப்பதால் சேவை பக்கத்தில் வந்துவிடாது. இரண்டும் வேறு வேறு தொழில். அதை வின்பாஸ்டும் உணர்ந்திருக்கிறது. விற்பனைக்கு முன்பே டி.வி.எஸ். குடும்ப வழிவந்த மைடிவிஎஸ் நிறுவனத்தோடு சர்வீஸுக்காகக் கைகோத்தது. டி.வி.சுந்தரம் ஐயங்கார் நம் திருநெல்வேலிச் சீமைத் திருக்குறுங்குடிக்காரர். அவர் 1911இல் மதுரையில் தொடங்கிய தொழில் பஸ், உதிரிபாகம், பராமரிப்பு என்று வளர்ந்தது. விற்றதைக் காட்டிலும் பழுது பார்த்ததில் பெயர் வாங்கிய மரபு அது. அந்தக் கிளை ஸ்ரீவைகுண்டம்வரை வருமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வராவிட்டால் உரிமையாளர் என்ன செய்யலாம்? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு பெரிய வசதியைச் செய்திருக்கிறது. வண்டியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், கம்பெனி மும்பையில் இருந்தாலும், தான் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஆழ்வார்திருநகரிக்காரருக்கு அது தூத்துக்குடி. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும்; இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். முதல் படியாக 1915 என்ற உதவி எண் இருக்கிறது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் உண்டு. ஆனால் பழுதறியும் மென்பொருளையும் உதிரிபாகத்தையும் வெளி மெக்கானிக்குக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் வந்தால்தான் பார்க் பிளஸ் கணக்கின் அந்த 73 சதவீதம் குறையும். ஆள் பஞ்சமில்லை. தமிழக அரசு 2,877 கோடி ரூபாய்ச் செலவில் டாடா டெக்னாலஜிஸ் துணையோடு 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனப்படுத்தியது. மின்வாகனப் படிப்பும் அதில் அடக்கம். படித்துவிட்டு வரும் பையன் கம்பெனி சட்டை போட்டால்தான் கருவியைத் தொடலாம் என்பது மாறினால், அவன் ஏரலிலோ நாசரேத்திலோ சொந்தப் பட்டறை வைப்பான்.

இந்தப் பக்கத்தில் கார் வாங்குகிறவர்களில் பலர் பழைய கார் வாங்குகிறவர்கள். வாழ்நாள் வாரண்டிகள் எல்லாம் முதல் உரிமையாளருக்கே. கை மாறினால் ஆண்டுக் கணக்கும் கிலோமீட்டர் கணக்கும் வந்துவிடும். திருப்தியைக் கேட்கிற ஆய்வு எதுவும் இரண்டாவது உரிமையாளரைத் தேடிப்போய்க் கேட்டதாக நான் பார்க்கவில்லை. 2020 ஜனவரியில் வந்த முதல் நெக்ஸான் மின்கார்களுக்குப் பேட்டரி வாரண்டி எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். 2028 தொடக்கத்தில் அது வரிசையாக முடியத் தொடங்கும். சென்னையிலும் கோவையிலும் ஓடிய அந்த வண்டிகள் விலை குறைந்து, திருநெல்வேலிப் பழைய கார் சந்தை வழியாக நம் தெருக்களுக்கு வரும். அப்போது வாங்குகிறவருக்குத் தேவைப்படுவது பேட்டரியில் எத்தனை சதவீதம் ஆரோக்கியம் மிச்சம் என்று சோதித்துக் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒரு ஆளும், பழுதான செல் தொகுதியை மட்டும் மாற்றித் தரும் ஒரு பட்டறையும். திருநெல்வேலியில் அந்த வசதியை உண்டாக்க 2028 வரைதான் அவகாசம்.